அமெரிக்கப் பள்ளிகளில் சம வாய்ப்பும் பல்பண்பாட்டுக் கல்வியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளியில் சேரும் உரிமையையும் பல்பண்பாட்டுக் கல்வியையும் ஏன் ஒரே வரலாறாகப் பார்க்க வேண்டும்?

ஒரு பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொள்கிறார்களா என்று கேட்ட பெற்றோரே, சேர்த்த பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன கற்பிக்கிறார்கள், எந்த மொழியில் கற்பிக்கிறார்கள், அதன் முன்னோர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்றும் கேட்டார்கள். சட்ட நூல்கள் முதல் கேள்வியைப் பேசுகின்றன; கல்வியியல் நூல்கள் இரண்டாவதைப் பல்பண்பாட்டுக் கல்வி என்ற பெயரில் பேசுகின்றன. பாடுபட்ட மக்களின் வாழ்க்கையில் இரண்டும் பிரிந்திருக்கவில்லை. ஒன்றை மட்டும் பெற்றவர்கள் அதனால் எவ்வளவு இழந்தார்கள் என்பதை இந்த வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

கறுப்பின மக்களுக்குக் கல்வி மறுக்கப்பட்டது எப்போது தொடங்கியது?

அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1740ஆம் ஆண்டிலேயே தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த காலத்தை ஒட்டித் தென் மாநிலங்கள் பலவற்றில் இத்தகைய சட்டங்கள் இறுகின. படித்தவன் அடிமையாக இருக்கமாட்டான் என்பதை உடைமையாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்ததும், விடுதலை பெற்றோர் முதலில் தேடியவற்றுள் பள்ளியும் ஒன்று. முதியவர்களும் பேரப்பிள்ளைகளும் ஒரே பலகையில் அமர்ந்து எழுத்துக் கற்றார்கள்.

அடிமை முறை ஒழிந்திருந்த வட மாநிலங்களில் நிலைமை வேறாக இருந்ததா?

பெரிய அளவில் வேறாக இல்லை. பாஸ்டன் நகரில் பெஞ்சமின் ராபர்ட்ஸ் என்ற கறுப்பின அச்சகத்தாரின் ஐந்து வயது மகள் சாரா, வெள்ளைப் பிள்ளைகளுக்கான ஐந்து பள்ளிகளைக் கடந்து தனக்கென ஒதுக்கப்பட்ட பள்ளிக்குச் செல்ல வேண்டியிருந்தது. அவர் தொடுத்த வழக்கில் சார்லஸ் சம்னரும், அந்நாட்டின் முதல் கறுப்பின வழக்கறிஞர்களுள் ஒருவரான ராபர்ட் மாரிஸும் வாதாடினார்கள். 1850இல் மாசச்சூசெட்ஸ் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. ஆனால் ஊர் மக்களின் தொடர் முயற்சியால் 1855இல் மாநில சட்டமன்றமே பொதுப் பள்ளிகளில் இனப் பிரிவினையைத் தடைசெய்தது. நீதிமன்றத்தில் தோற்ற வழக்கு சட்டமன்றத்தில் வென்றது இதுவே கடைசி முறையன்று.

‘பிரித்து வைத்தாலும் சமம்’ என்ற கொள்கை பள்ளிகளில் எப்படிச் செயல்பட்டது?

1896ஆம் ஆண்டின் பிளெசி வழக்கு ரயில் பெட்டிகளைப் பற்றியது. வசதிகள் சமமாக இருந்தால் இனவாரியாகப் பிரித்து வைக்கலாம் என்று அதில் உச்ச நீதிமன்றம் கூறியது. மூன்றே ஆண்டுகளில், 1899இல், ஜார்ஜியாவின் ஒரு வட்டம் கறுப்பினத்தாருக்கான உயர்நிலைப் பள்ளியை மூடிவிட்டு வெள்ளையருக்கானதைத் தொடர்ந்து நடத்தியபோது, அதையும் அந்த நீதிமன்றம் அனுமதித்தது. சமம் என்ற சொல் அப்போதே பொருளற்றுப் போயிற்று.

அரசு கைவிட்ட இடத்தில் மக்கள் தாங்களே கட்டினார்கள். கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனின் தூண்டுதலால் வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்ட் தொடங்கிய நிதி, 1912 முதல் 1932 வரை தென் மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழ உதவியது. பள்ளிகள் கொடையாளரின் பெயரால் வழங்குகின்றன; ஆனால், நிலக்குத்தகையிலும் கூலியிலும் வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் திரட்டித் தந்த தொகை அவர் தந்ததற்குக் குறைந்ததன்று. வெள்ளையர் பள்ளிகளுக்கும் சேர்த்து வரி கட்டியவர்கள் அவர்கள் என்பதால், தங்கள் பிள்ளைகளின் கல்விக்கு இருமுறை பணம் செலுத்தினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பிற இனத்தாரின் பிள்ளைகள் எவ்வாறு நடத்தப்பட்டார்கள்?

1884இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோசப் டேப், மேரி டேப் என்ற சீனத் தம்பதியரின் மகள் மேமியைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். அடுத்த ஆண்டு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் அவளுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. உடனே சட்டமன்றம் சீனப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி அமைக்க வழிசெய்யும் சட்டத்தை இயற்றி அந்தத் தீர்ப்பைப் பயனற்றதாக்கியது. 1927இல் மிசிசிப்பியைச் சேர்ந்த மார்த்தா லம் என்ற சீனச் சிறுமியின் வழக்கில், அவளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்காமல் விலக்கியது செல்லும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக முடிவெடுத்தது.

அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கு நேர்ந்தது வேறு வகை. அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்படவில்லை. வீட்டிலிருந்து பிரித்துப் பள்ளிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். 1879இல் பென்சில்வேனியாவில் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற படை அதிகாரி நிறுவிய கார்லைல் பள்ளியில் பிள்ளைகளின் கூந்தலை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழி பேசியதற்குத் தண்டித்தார்கள். அதைப் பார்த்து நாடெங்கும் பல உறைவிடப் பள்ளிகள் தோன்றின. கார்லைல் 1918இல் மூடப்பட்டாலும் அங்கே இறந்த பிள்ளைகளின் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. பள்ளியில் சேர்ப்பது மட்டுமே கல்வி உரிமை என்று கருதுவோர் இந்த வரலாற்றைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். பழங்குடியினர் தாங்களே நடத்தும் பள்ளிக்கு முன்னோடியாக அரிசோனாவின் நவஹோ நிலப்பகுதியில் ரஃப் ராக் பள்ளி தொடங்கியது 1966இல்தான்.

மெண்டெஸ் வழக்கு ஏன் முக்கியமானது?

பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் கூறிய பிரவுன் வழக்கின் புகழில் இது பெரும்பாலும் மறைந்துபோகிறது. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு வட்டத்தில் கொன்சாலோ மெண்டெஸும் ஃபெலிசிதாஸ் மெண்டெஸும் ஒரு பண்ணையைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார்கள். அந்த நிலம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரசு முகாமில் அடைத்து வைத்திருந்த ஜப்பானிய அமெரிக்கக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமானது. பிள்ளைகளைச் சேர்க்க அத்தை பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, வெளிர் நிறமுடைய அத்தையின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதாகவும், கறுத்த நிறமுடைய மெண்டெஸ் பிள்ளைகள் மெக்சிகர்களுக்கான பள்ளிக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகளை நிறத்தாலும் குடும்பப் பெயராலும் பிரித்த அந்தச் செயலை எதிர்த்து, நான்கு பள்ளி மாவட்டங்களின் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகங்களின்) மீது ஐந்து குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன.

1946இல் நீதிபதி பால் மெக்கார்மிக் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். 1947இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் கலிஃபோர்னியா தன் பிரிவினைச் சட்டத்தை நீக்கியது. அதில் கையெழுத்திட்ட ஆளுநர் ஏர்ல் வாரன், ஏழு ஆண்டுகளுக்குப் பின் தலைமை நீதிபதியாக பிரவுன் தீர்ப்பை எழுதினார்.

பிரவுன் வழக்கு எப்படித் தொடங்கியது?

கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் லிண்டா பிரவுன் என்ற சிறுமிக்கு அருகிலிருந்த பள்ளி மறுக்கப்பட்டதிலிருந்து தொடங்கியது என்பதே பலரும் அறிந்த விடை. உண்மையில் அது ஐந்து வழக்குகளின் தொகுப்பு. அவற்றுள் முதலில் முளைத்தது தென் கரோலினாவின் கிளாரெண்டன் வட்டத்தில், ஒரு பேருந்தைக் கேட்டதில்.

அந்த வட்டத்தில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பள்ளிப் பேருந்துகள் ஓடின. அவர்களைவிட எண்ணிக்கையில் மிகுந்த கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு வெள்ளைப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 179 டாலர் செலவிட்ட நிர்வாகம் கறுப்பினப் பிள்ளைக்கு 43 டாலர் செலவிட்டது. போதகரும் ஆசிரியருமான ஜோசப் டிலைன் பெற்றோரைத் திரட்டினார். லீவை பியர்சன் என்ற உழவர் முதலில் தொடுத்த வழக்கை, அவருடைய நிலம் எந்தப் பள்ளி மாவட்டத்தில் வரி கட்டுகிறது என்ற காரணத்தைக் காட்டித் தள்ளிவிட்டார்கள். பின் பலர் கையெழுத்திட்ட மனுவில் ஹாரி பிரிக்ஸின் பெயர் முதலில் நின்றது. அவரும் மனைவி எலைசாவும் வேலை இழந்தார்கள். டிலைனின் வீடு எரிக்கப்பட்டது, தேவாலயமும் எரிக்கப்பட்டது; அவர் ஊரைவிட்டே போக நேர்ந்தது. பேருந்தும் சமமான கட்டடமும் கேட்டுத் தொடங்கிய வழக்கைப் பிரிவினையையே எதிர்க்கும் வழக்காக மாற்றும்படி வழக்கறிஞர் தர்குட் மார்ஷலுக்கு ஆலோசனை கூறியவர், தென் கரோலினாவின் வெள்ளையின நீதிபதி வேடிஸ் வேரிங்.

வர்ஜீனியாவிலிருந்து வந்த வழக்கை மாணவர்களே தொடங்கினார்கள். ஃபார்ம்வில் ஊரில் கறுப்பினத்தாருக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்குக் கட்டப்பட்டது. அதில் 450க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். மிஞ்சியவர்களைத் தார் பூசிய தாள் போர்த்த கொட்டகைகளில் உட்காரவைத்தார்கள். 1951 ஏப்ரல் 23 அன்று பதினாறு வயது பார்பரா ஜான்ஸ் மாணவர்களை அழைத்து வகுப்புகளைப் புறக்கணிக்கச் செய்தார். இந்தப் பெயரை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

1954 மே 17 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, பொதுக் கல்வியில் பிரித்து வைப்பதே சமமின்மைதான் என்று தீர்ப்பளித்தார்கள்.

தீர்ப்பு வந்ததும் பள்ளிகள் திறந்துவிட்டனவா?

இல்லை. 1955இல் வந்த இரண்டாம் தீர்ப்பு காலக்கெடு எதையும் விதிக்கவில்லை. 1956இல் தென் மாநிலங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 101 பேர் தீர்ப்பை எதிர்த்து அறிக்கை வெளியிட்டார்கள். 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் அழைத்துச் செல்ல அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. பார்பரா ஜான்ஸின் ஊர் அமைந்த பிரின்ஸ் எட்வர்ட் வட்டம், இரு இனத்தாரையும் ஒன்றாகப் படிக்க வைப்பதைவிடப் பொதுப் பள்ளிகளே வேண்டாம் என்று 1959இல் அனைத்தையும் மூடியது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தொடங்கினார்கள். கறுப்பினப் பிள்ளைகளுள் பலர் ஐந்து ஆண்டுகள் எழுத்தின்றி வளர்ந்தார்கள். 1964இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்னரே அங்கே பள்ளிகள் மீண்டும் திறந்தன.

தீர்ப்பு வந்து பத்தாண்டுகள் கழிந்தும் தென் மாநிலங்களில் வெள்ளையருடன் படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு ஓரிருவரே. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், பாகுபாடு காட்டும் பள்ளிகளுக்குக் கூட்டாட்சி நிதியை நிறுத்தலாம் என்றது. 1965இன் கல்விச் சட்டம் அந்த நிதியைப் பெரிய தொகையாக்கியது. இவ்விரண்டும் சேர்ந்த பிறகுதான் நிலைமை வேகமாக மாறியது. ஒரு பள்ளி மாவட்டத்தை அறம் அசைக்காத இடத்தில் வரவு செலவுக் கணக்கு அசைத்தது என்பது வருத்தம் தருகிறது; ஆயினும் சட்டம் இயற்றுவோர் மறக்கக் கூடாத உண்மை அது.

இரு இனத்தாரின் பள்ளிகளையும் இணைத்ததால் கறுப்பின மக்கள் எதையாவது இழந்தார்களா?

இழந்தார்கள், இதைப் போதிய அளவு பேசுவதில்லை. பள்ளிகளை இணைத்தபோது மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. 1954க்கும் 1965க்கும் இடையே தெற்கிலும் எல்லை மாநிலங்களிலும் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்ததாக மதிப்பிடுகிறார்கள். பிள்ளைகளின் குடும்பத்தை அறிந்தவர்களும், அவர்கள் உயர்வார்கள் என்று நம்பியவர்களும் அந்த ஆசிரியர்கள். மேல் பட்டம் பெற்றிருந்தும் வேறு வேலை கிடைக்காத காலத்தில் பலர் கற்பித்தலுக்கு வந்திருந்தார்கள். பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பள்ளிகள் அவர்களுடைய ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பள்ளிக்குள் யார் கற்பிக்கிறார்கள், என்ன கற்பிக்கிறார்கள் என்ற கேள்வி 1960களின் இறுதியில் அவ்வளவு கூர்மையாக எழுந்ததற்கு இந்த இழப்பும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

பல்பண்பாட்டுக் கல்வி என்ற இயக்கம் எப்போது உருவானது?

வேர் பழையது. கார்ட்டர் ஜி. உட்சன் 1926இல் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். பல பண்பாடுகள் கரைந்து ஒன்றாகாமல் அருகருகே வாழலாம் என்று ஹொரேஸ் கேலன் 1915இலேயே எழுதினார். ஆயினும் இயக்கமாக அது எழுந்தது 1968இல். மார்ச் மாதத்தில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிக அமெரிக்க மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்புகளைவிட்டு வெளியேறி, இருமொழிக் கல்வியும் தங்கள் வரலாறும் வேண்டும் என்றார்கள். நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின, லத்தீன் அமெரிக்க, ஆசிய, பழங்குடி மாணவர்கள் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தம் 1969 மார்ச் வரை நீடித்தது. அதன் விளைவாக இனவியல் படிப்புகளுக்கென அங்கே தனிப் புலம் அமைந்தது.

பல்கலைக்கழகத்தில் கிடைத்ததைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவர்களுள் ஜேம்ஸ் பேங்க்ஸ் முதன்மையானவர். ஆர்கன்சாவின் பருத்தி வயல்களுக்கு நடுவே கறுப்பினப் பள்ளியில் படித்தவர் அவர். அடிமைகள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று பாடநூல் காட்டியது ஏன் என்ற சிறுவயது ஐயம்தான் தம் வாழ்நாள் ஆய்வுக்கு வித்து என்று அவர் கூறியிருக்கிறார். ஜெனிவா கே, கார்ல் கிராண்ட், கிறிஸ்டின் ஸ்லீட்டர், சோனியா நியட்டோ ஆகியோர் இத்துறையின் பிற முக்கிய அறிஞர்கள்.

திருவிழாக்களையும் உணவு வகைகளையும் அறிமுகப்படுத்துவதுதானே இந்தக் கல்வி?

பல பள்ளிகளில் அவ்வளவோடு நின்றுவிடுவது உண்மை. ஆனால் பேங்க்ஸ் வகுத்தது அதைவிட மிகக் கடினமானது. பாடப்பொருளில் பல மக்களின் வரலாறும் இடம்பெற வேண்டும் என்பது அதில் ஒரு கூறு மட்டுமே. ஒரு செய்தியை யார், எந்த இடத்தில் நின்று எழுதினார் என்று மாணவர் கேட்கப் பழக வேண்டும். பிஞ்சு வயதிலேயே வேர்விடும் முற்சாய்வுகளைக் களைய வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் தேறும்படி ஆசிரியர் தம் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். தகுதிவாரிப் பிரிவுகள், தண்டனைகள், பணியமர்த்தல் உட்படப் பள்ளியின் அமைப்பே மாற வேண்டும். கடைசிக் கூறுதான் பள்ளிகள் தொடத் தயங்குவது. தீபாவளிக்கு விளக்கேற்றும் பள்ளியில் உயர்நிலைக் கணித வகுப்பில் யார் இருக்கிறார்கள், இடைநீக்கம் செய்யப்படுவோர் யார் என்று பார்த்தால் அந்தப் பள்ளியின் உண்மை நிலை விளங்கும்.

தாய்மொழி வேறாக உள்ள பிள்ளைகளின் உரிமை எவ்வாறு நிலைபெற்றது?

1968இல் இருமொழிக் கல்விச் சட்டம் வந்தது. அது நிதி தந்தது, கட்டாயமாக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகளுள் ஏறத்தாழ 1,800 பேர் எவ்வித மொழி உதவியுமின்றி வகுப்பில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் சார்பில் தொடுத்த லாவ் வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம், ஒரே பாடநூலையும் ஒரே ஆசிரியரையும் ஒரே பாடத்திட்டத்தையும் தந்துவிட்டால் சமமாக நடத்தியதாகாது என்று கூறியது. மொழி புரியாதவருக்குக் கல்வியின் வாயில் உண்மையில் அடைபட்டிருக்கிறது என்பது அதன் சாரம். சேர்க்கையும் பாடமும் ஒன்றே என்று ஒரு நீதிமன்றம் இவ்வளவு தெளிவாக ஒப்புக்கொண்டது அரிது. எந்த முறையில் உதவ வேண்டும் என்பதை அது வகுக்கவில்லை என்பதால் சண்டை தொடர்ந்தது: கலிஃபோர்னியா வாக்காளர்கள் 1998இல் இருமொழிக் கல்வியைப் பெரும்பாலும் நிறுத்தினார்கள், 2016இல் அந்தத் தடையை நீக்கினார்கள்.

பெண் பிள்ளைகள், ஊனமுற்ற பிள்ளைகள், ஆவணமின்றிக் குடியேறிய பிள்ளைகள் ஆகியோருக்கு எப்போது உரிமை கிடைத்தது?

கூட்டாட்சி நிதி பெறும் பள்ளிகளில் பாலினப் பாகுபாட்டை 1972ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்தது. ஊனமுற்ற பிள்ளைகளைப் பள்ளிகள் வெளிப்படையாகவே மறுத்துவந்தன. பென்சில்வேனியாவிலும் தலைநகர் வாஷிங்டனிலும் பெற்றோர் வென்ற வழக்குகளுக்குப் பின், 1975இன் சட்டம் அவர்கள் அனைவருக்கும் இலவசமான, தகுந்த பொதுக் கல்வியை உறுதிசெய்தது. ஆவணமற்ற பிள்ளைகளிடம் டெக்சாஸின் டைலர் நகரப் பள்ளி மாவட்டம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. 1982இல் பிளைலர் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற ஒரே வாக்கு வேறுபாட்டில், அவர்களை விலக்கக் கூடாது என்றது.

இத்தனைக்குப் பிறகும் பள்ளிகள் ஏன் இனவாரியாகவும் வருவாய்வாரியாகவும் பிரிந்து கிடக்கின்றன?

பிரவுன் தீர்ப்பை அறிந்தவர்கள் 1973, 1974ஆம் ஆண்டுகளின் இரண்டு தீர்ப்புகளையும் அறிய வேண்டும். இன்றைய நிலைமையை உருவாக்கியதில் அவற்றின் பங்கே பெரிது என்று நான் கருதுகிறேன்.

அமெரிக்கப் பள்ளிகளின் வருவாயில் கணிசமான பகுதி உள்ளூர்ச் சொத்துவரி. சான் அன்டோனியோ நகரின் ஏழைப் பகுதியான எட்ஜ்வுட்டில் வரி விகிதம் கூடுதலாக இருந்தும் ஒரு பிள்ளைக்கு 356 டாலர்தான் கிடைத்தது. குறைந்த விகிதத்தில் வரி கட்டிய செல்வர் பகுதி அலமோ ஹைட்ஸில் 594 டாலர் கிடைத்தது. டெமெட்ரியோ ரொட்ரிகெஸ் முதலிய பெற்றோர் தொடுத்த வழக்கில், கல்வி கூட்டாட்சி அரசியலமைப்பு உறுதிசெய்யும் அடிப்படை உரிமையன்று என்று கூறி 1973இல் உச்ச நீதிமன்றம் இந்த ஏற்பாட்டை அனுமதித்தது. மறு ஆண்டு மில்லிகன் வழக்கில், டெட்ராய்ட் நகரப் பள்ளிகளில் நிலவிய பிரிவினையைத் தீர்க்க 53 புறநகர் மாவட்டங்களையும் சேர்த்த திட்டத்தைத் தள்ளிவிட்டது. வெள்ளையர் ஏற்கெனவே புறநகருக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. இரண்டுமே ஐந்துக்கு நான்கு என முடிந்தவை. இரண்டிலும் எதிர்த்து எழுதியவர்களுள் ஒருவர், அதற்குள் நீதிபதியாகிவிட்ட தர்குட் மார்ஷல். பள்ளி மாவட்டத்தின் எல்லைக்கோடு அன்று பெற்ற பாதுகாப்பை இன்னும் இழக்கவில்லை.

பல்பண்பாட்டுக் கல்வியை எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

அது நாட்டின் ஒற்றுமையைக் குலைக்கும், இனங்களிடையே வெறுப்பை வளர்க்கும் என்பது முதன்மையான வாதம். 2010இல் அரிசோனா இந்தக் காரணங்களைக் காட்டி இத்தகைய பாடங்களைத் தடுக்கும் சட்டம் இயற்றியது. நிதி பறிபோகும் என்ற அச்சத்தில் டூசான் பள்ளி மாவட்டம் 2012இல் மெக்சிக அமெரிக்க வரலாற்றுப் பாடங்களைக் கைவிட்டது. 2017இல் கூட்டாட்சி நீதிபதி வாலஸ் டஷிமா, சட்டத்தை நடைமுறைப்படுத்தியதில் இனப்பகைமை இருந்தது என்று கண்டு, அது அரசியலமைப்புக்கு முரணானது என்றார். சிறுவனாக அவரும் அதே அரிசோனாவில் ஜப்பானியருக்கான முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர். ஒற்றுமை பற்றிய கவலையை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லாமல் விடுவதால் ஒற்றுமை வரும் என்பதற்கு இந்த வரலாற்றில் சான்று எதுவும் எனக்குத் தென்படவில்லை.

அமெரிக்காவில் குடியேறும் தமிழ்க் குடும்பத்துக்கு இவற்றால் என்ன பயன்?

பிள்ளையைச் சேர்க்கும்போது வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்கும் படிவம் லாவ் வழக்கின் வழிவந்த நடைமுறை. தமிழ் என்று எழுதினால் பிள்ளையைத் தாழ்ந்த வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று அஞ்சிச் சில பெற்றோர் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையையே எழுதுங்கள். அதையொட்டி நடக்கும் ஆங்கிலத் தேர்வில் பிள்ளை தேறினால் எந்த மாற்றமும் இல்லை. தேறாவிட்டால் கூடுதல் மொழி உதவி கிடைக்கும், தனி உதவித் திட்டம் வேண்டாம் எனில் பெற்றோர் மறுக்கவும் உரிமை உண்டு. ஆங்கிலம் தடுமாறும் பெற்றோர் பள்ளியின் முக்கியமான அறிவிப்புகளைத் தமக்குப் புரியும் மொழியில் விளக்கும்படி கேட்கலாம். பிள்ளைக்கு இயல்பான கற்றல் குறைபாடு உண்டா, அல்லது ஆங்கிலம் பழகாததால் வரும் தடுமாற்றமா என்ற ஐயம் எழுந்தால், மதிப்பீட்டை இயன்றவரை தாய்மொழியிலும் நடத்தும்படி எழுத்துமூலம் வேண்டுங்கள்; ஊனமுற்றோர் கல்விச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.